ஆறாத புண்ணும் ஒளி மருந்தும்

பெரும்போகத்துக்கு வயல் துப்புரவு செய்யத் தொடங்கும் நாட்களில் எமது வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "சின்னக் காயந்தானே, தன்பாட்டில ஆறும்" என்பதே அது. பெரும்பாலான காயங்கள் அவ்வாறே ஆறியும் விடுகின்றன. ஆறாமல் நின்றுவிடும் ஒன்றிரண்டுதான் ஒரு குடும்பத்தின் ஒரு போக வருமானத்தையும், சில வேளைகளில் ஒரு காலையும் கொண்டுபோய் விடுகின்றன.

இது எமது வாசகர்களில் பலருக்குத் தெரிந்த கதைதான். வரம்பு கட்டிக்கொண்டு நின்ற ஒருவரின் காலில் மண்வெட்டி படுகிறது. வாய்க்கால் தண்ணீரிலேயே கழுவி, சாரத்தின் ஓரத்தைக் கிழித்துக் கட்டிவிட்டு மிச்ச வேலையை முடிக்கிறார். இரவில் மனைவி மஞ்சளும் தேங்காயெண்ணெயும் பூசிவிடுகிறார். மூன்றாம் நாள் கால் வீங்குகிறது. வைத்தியசாலைக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். ஆகவே மருந்துக்கடையில் நாலு குளிசை வாங்குகிறார். வீக்கம் வற்றியதும் மிச்சக் குளிசையை அலமாரியில் வைத்துவிடுகிறார். ஒரு மாதம் சென்றும் புண் ஆறவில்லை. கடைசியில் வைத்தியரிடம் போனபோதுதான் சீனி வருத்தம் இருப்பதும் தெரிய வருகிறது.

சம்பூர், மூதூர் கிழக்கு மக்களுக்கு இந்தக் கதை இன்னும் நெருக்கமானது. 2006 ஏப்ரலில் குண்டுவீச்சுக்கும் எறிகணைக்கும் தப்பி ஓடியவர்கள் மட்டக்களப்பிலும், பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களிலும் ஏறக்குறைய பத்து வருடங்களைக் கழித்தார்கள். 2015 ஆகஸ்ட்டிலும் 2016 மார்ச்சிலும் காணிகள் விடுவிக்கப்பட்டபோது பலருக்குக் கிடைத்தது வயலும் வளவும் அல்ல, பற்றைக்காடுதான். அந்தப் பற்றையை வெட்டியவர்களின் கைகளிலும் கால்களிலும் முள்ளும், துருப்பிடித்த கம்பியும், உடைந்த ஓடும் பட்ட தழும்புகள் இன்றும் உள்ளன. காணிக்குத் திரும்பியதன் விலையில் ஒரு பகுதியை உடம்பால் செலுத்தினோம் என்று சொன்னால் அது மிகையல்ல.

இப்போது, தொற்று ஏற்பட்ட புண்களை ஆற்றுவதற்கு ஒரு புதிய வழி பற்றிய செய்திகள் வருகின்றன. புண்ணில் ஒரு ஜெல் பூசப்படுகிறது. அதன்மீது சில நிமிடங்கள் குறிப்பிட்ட நிற ஒளி பாய்ச்சப்படுகிறது. ஒளி பட்டதும் ஜெல்லில் உள்ள பொருள் கிருமிகளைக் கொல்லத் தொடங்குகிறது. இது வெறும் விளம்பரமா, உண்மையா? உண்மையாயின் எமக்கு என்ன பயன்? இதனைப் பற்றி எமது மக்கள் ஒரு தெளிந்த கருத்துக்கு வரவேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

எனது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வழி உண்மையானது, நாம் கேட்டுப் பெறத் தகுந்தது. ஆனால் வீட்டில் செய்து பார்க்கத் தகுந்தது அல்ல. காயம்பட்ட முதல் நாளில் நாம் செய்ய வேண்டியதைச் செய்யாவிட்டால், எந்த ஒளியும் எமது கால்களைக் காப்பாற்றப் போவதில்லை.

ஒளி எப்படி மருந்தாகிறது?

ஒளியால் நோய் தீர்க்கும் முயற்சி புதியதல்ல. உடலில் வெண்படை உள்ளவர்களுக்குக் கார்போகரிசியைக் கொடுத்து வெயிலில் இருக்கச் செய்யும் முறை எமது பழைய வைத்தியத்தில் இருந்தது. தோலில் வரும் காசநோயை ஒளியால் குணப்படுத்திய டென்மார்க் வைத்தியர் நீல்ஸ் பின்சனுக்கு 1903 ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அதற்குச் சற்று முன்னர், ஜேர்மனியின் மியூனிக் நகரில் ஒஸ்கார் ராப் என்ற மருத்துவ மாணவர் ஒரு விசித்திரத்தைக் கண்டார். ஒரு சாயம் கலந்த நீரில் இருந்த நுண்ணுயிர்கள் வெளிச்சத்தில் விரைவாக இறந்தன. அதே சாயத்தில் இருட்டில் வைத்தவை பிழைத்திருந்தன. அவர் இதனை 1900 இல் வெளியிட்டார். இன்றைய ஒளி ஜெல்லின் அடிப்படை இதுதான்.

அது நடக்கும் விதம் இவ்வாறு. ஜெல்லில் ஒரு சாயப்பொருள் உண்டு. அது கிருமியின் மேலே ஒட்டிக்கொள்கிறது. அதற்கு ஏற்ற நிற ஒளி படும்போது அந்தச் சாயம் ஒளியின் சக்தியை உள்வாங்கி, அருகிலுள்ள ஒட்சிசனுக்குக் கொடுக்கிறது. சாதாரண ஒட்சிசன் அப்போது மிகவும் முரட்டுத்தனமான ஒட்சிசனாக மாறி, கிருமியின் சுவரையும், உள்ளேயுள்ள புரதங்களையும், மரபுப்பொருளையும் ஒருங்கே தாக்குகிறது. இந்த ஒட்சிசனின் ஆயுள் கண் இமைக்கும் நேரத்தை விட மிகமிகக் குறைந்தது. ஆகவே அது தூரம் போகாது. விளக்கை அணைத்தால் தாக்குதலும் நின்றுவிடும். சாயம், ஒளி, ஒட்சிசன் என்ற மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். ஒன்று குறைந்தாலும் நடக்காது. சாயம் புண்ணில் ஈரமாகவும் ஓரிடத்திலும் நிற்க வேண்டும் என்பதற்காகவே அதை ஜெல்லாகச் செய்கிறார்கள்.

பயன்படும் சாயங்களில் சில எமக்குப் புதியவை அல்ல. மெதிலீன் நீலம் 1876 இல் துணிக்குச் சாயமாகத் தயாரிக்கப்பட்டது. 1891 இல் போல் ஏர்லிக் அதை மலேரியா நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தார். அது சிவப்பு ஒளியில் வேலை செய்கிறது. விற்றமின் பி2 நீல ஒளியில் வேலை செய்கிறது. மஞ்சளுக்கு அதன் நிறத்தைக் கொடுக்கும் குர்குமின் என்ற பொருளும் நீல ஒளியில் வேலை செய்கிறது. மஞ்சளைப் பற்றிப் பின்னர் பேசுவோம்.

குளிசைக்கு அடங்காத கிருமி

இவ்வளவு சிரமம் ஏன், நுண்ணுயிர்கொல்லிக் குளிசை இருக்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். விடை வயலில் இருக்கிறது. அறக்கொட்டியானுக்கு ஒரே நாசினியை வருடக்கணக்கில் அடித்தால் என்ன நடக்கும் என்பது எமது கமக்காரருக்குத் தெரியும். மருந்துக்குத் தாக்குப்பிடித்த பூச்சி பெருகுகிறது, அடுத்த போகத்தில் இரண்டு மடங்கு அடித்தாலும் சாவதில்லை. கிருமிகளும் அவ்வாறே. அளவு குறைந்த மருந்தும், இடையில் நிறுத்திய மருந்தும் பலவீனமான கிருமிகளை அழித்து, பலமானவற்றை மிச்சம் வைக்கின்றன. 1928 இல் பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945 இல் நோபல் பரிசு பெற்ற போது ஆற்றிய உரையிலேயே இந்த ஆபத்தைப் பற்றி எச்சரித்தார். நாம் கேட்கவில்லை. 2019 ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேரடியாக இறந்தனர் என்று 2022 இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. அலமாரியில் நாம் ஒதுக்கிவைத்த மிச்சக் குளிசைகளுக்கும் இந்தக் கணக்கில் ஒரு பங்கு உண்டு.

ஒளி ஜெல்லின் சிறப்பு இங்கேதான் இருக்கிறது. பொதுவாக ஒரு நுண்ணுயிர்கொல்லி கிருமியின் ஏதோ ஒரு வேலையைத்தான் தடுக்கிறது. ஒரு வாய்க்காலை அடைத்தால் தண்ணீர் வேறு வாய்க்கால் தேடுவதைப் போல, கிருமியும் வேறு வழியைக் கண்டுபிடிக்கிறது. வேரும் தண்டும் இலையும் ஒரே நேரத்தில் கருகினால் பயிருக்கு மாற்று வழி இல்லை. ஒளியால் எழும் ஒட்சிசன் கிருமியைப் பல இடங்களில் ஒரே நேரத்தில் தாக்குவதால், அதற்குத் தாக்குப்பிடிக்கப் பழகுவது கிருமிக்கு மிகக் கடினம். மேலும் ஆறாத புண்களில் கிருமிகள் குளத்துப் பாசியைப் போல ஒரு வழுவழுப்பான படையைக் கட்டிக்கொண்டு அதனுள் ஒளிந்திருக்கும். குளிசை மருந்து இரத்தத்தின் வழியாக அங்கே போய்ச் சேர்வது சிரமம். நீரிழிவால் இரத்த ஓட்டம் குறைந்த காலில் இன்னும் சிரமம். புண்ணின் மேலே நேராகப் பூசும் மருந்துக்கு அந்தத் தடை குறைவு.

இவை ஆய்வுகூடத்தில் மட்டும் சொல்லப்படும் கதைகள் அல்ல. கனடாவின் வன்கூவர் பொது வைத்தியசாலையில், சத்திரசிகிச்சைக்கு முன்னர் நோயாளரின் மூக்கினுள் மெதிலீன் நீலத்தைத் தடவிச் சிவப்பு ஒளி பாய்ச்சினார்கள். மூக்கில் குடியிருக்கும் கிருமிகளே பல வேளைகளில் வெட்டுக்காயத்தில் தொற்றை உண்டாக்குகின்றன என்பதே காரணம். உடம்பையும் கிருமிநீக்கித் துணியால் துடைத்தார்கள். 3,000 க்கும் மேற்பட்டோருக்கு இவ்வாறு செய்த பின், காயத் தொற்று நூற்றுக்கு 2.7 ஆக இருந்தது 1.6 ஆகக் குறைந்தது என்று 2014 இல் எழுதினார்கள். பிரித்தானியாவில் ஆறாத கால்புண்களுக்கு ஒரு சாயமருந்தைப் பூசிச் சிவப்பு ஒளி பாய்ச்சிப் பார்த்தார்கள். 2013 இல் வெளியான முடிவின்படி, நீண்டநாள் கால்புண் உள்ளவர்களில் உண்மையான மருந்து பெற்ற 8 பேரில் 4 பேருக்கு மூன்று மாதத்தில் புண் முழுவதும் ஆறியது. மருந்தில்லாத பூச்சு பெற்ற 8 பேரில் ஒருவருக்கே ஆறியது. இத்தாலியில் நீல ஒளியோடு சேர்த்துப் பயன்படுத்தும் ஒரு ஜெல்லைக் கால்புண், நீரிழிவுப் புண், படுக்கைப் புண் உள்ளவர்களில் பரிசோதித்து 2018 இல் நம்பிக்கை தரும் முடிவுகளை வெளியிட்டார்கள்.

எட்டுப் பேரில் நான்கு பேர் என்பது நல்ல செய்தி. ஆனால் அது எட்டுப் பேரின் செய்தி. ஒரு பாத்தியில் நன்றாக விளைந்த விதையை நம்பி முழு வயலையும் விதைக்கும் கமக்காரர் எவரும் இல்லை. இன்னும் சில பாத்திகளில், வேறு மண்ணில், வேறு போகத்தில் பார்த்த பின்தான் விதைப்பார். இந்த மருந்தும் அந்த நிலையிலேயே இருக்கிறது.

மஞ்சளை வென்றோம், பிறகு?

மஞ்சளைப் பற்றிச் சொல்வதாகக் கூறினேன். 1995 மார்ச்சில் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ நிலையத்துக்கு ஒரு காப்புரிமை வழங்கப்பட்டது. புண்ணை ஆற்றுவதற்கு மஞ்சளைப் பயன்படுத்துவது ஒரு புதிய கண்டுபிடிப்பு என்று அதில் உரிமை கோரப்பட்டிருந்தது. எமது பாட்டிமார் ஒவ்வொருவரும் கேட்டுச் சிரித்திருக்கக் கூடிய விடயம் இது. இந்தியாவின் அறிவியல், தொழிலக ஆய்வு மன்றம் இதனை எதிர்த்தது. பழைய வைத்திய நூல்களையும், 1953 இல் இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஒரு கட்டுரையையும் சான்றாக வைத்தது. 1997 இல் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் அந்த உரிமையை நிராகரித்தது. ஏழை நாடுகளின் அறிவை எவரும் தமதென்று எழுதிக்கொள்ள முடியாது என்பதற்கு இது ஒரு நல்ல முன்மாதிரியாயிற்று.

இந்த வெற்றியில் நாம் மகிழ்வது நியாயமே. ஆனால் இதில் ஒரு பாடமும் உண்டு. மஞ்சள் எமது அறிவு என்பதை நிரூபித்தோம். அந்த அறிவை எமது வைத்தியசாலைகளின் புண்கட்டும் அறைக்குள் கொண்டுவந்து, எந்தப் புண்ணுக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்று அளந்து பார்க்கும் வேலையை நாம் செய்தோமா? இன்று உலகின் பல நாடுகளின் ஆய்வுகூடங்களில் குர்குமினுக்கு நீல ஒளி பாய்ச்சிக் கிருமிகளைக் கொன்று பார்க்கிறார்கள். உரிமை எமது கையில் இருக்க, விளக்கு வேறு எவரோ ஒருவரின் கையில் இருக்கிறது.

இதனை வாசித்துவிட்டு எவரும் புண்ணில் மஞ்சளைப் பூசி வெயிலில் கால் நீட்டி இருக்க வேண்டாம். இதை வற்புறுத்திச் சொல்லக் காரணங்கள் உண்டு. ஆய்வுகூடத்தில் பயன்படுவது சுத்திகரித்து அளந்த குர்குமின். கடையில் வாங்கும் மஞ்சள்தூள் கிருமி நீக்கப்பட்டதல்ல. 2020 இல் மஞ்சள் இறக்குமதி தடுக்கப்பட்டு விலை ஏறியபோது தூளில் என்னவெல்லாம் கலந்து விற்றார்கள் என்பது எமக்குத் தெரியும். அப்படிப்பட்ட தூளைத் திறந்த புண்ணில் போடுவது புதிய தொற்றுக்கு வழிவிடுவதாகும். குர்குமின் நீரில் எளிதில் கரையாது, அதைப் புண்ணில் வேலை செய்ய வைப்பதற்கே தனியான தயாரிப்பு வேண்டும். வெயிலில் நீல ஒளி மட்டுமன்றிச் சூடும் தோலைக் கருக்கும் கதிரும் சேர்ந்தே வருகின்றன. ஒளி கூடினால் கிருமியோடு புண்ணில் புதிதாக வளரும் தசையும் கெடும். ஒளி மருந்து என்றால் அளவு வேண்டும். அந்த அளவை வெயில் எமக்குச் சொல்லித் தராது.

எல்லாப் புண்ணுக்கும் உதவாது

புதிய மருந்து எதுவும் வரும்போது அதன் பலத்தை விற்பவர் சொல்வார். பலவீனத்தை நாம்தான் கேட்டறிய வேண்டும்.

முதலாவது, ஒளி ஆழமாகப் போகாது. நீல ஒளி தோலில் ஒரு மில்லிமீற்றர் அளவும், சிவப்பு ஒளி சில மில்லிமீற்றர் அளவுமே இறங்கும். சீழும் அழுகிய தசையும் மூடியிருந்தால் அதுவும் போகாது. ஆகவே புண்ணைக் கழுவி, அழுகியதை அகற்றும் தாதியின் கை முதலில் வேண்டும். எலும்புக்குள் போன தொற்றுக்கும், இரத்தத்தில் கலந்த தொற்றுக்கும் இந்த ஜெல் உதவாது.

இரண்டாவது, எல்லாக் கிருமிகளும் ஒரே மாதிரி அடங்குவதில்லை. பச்சை நிறச் சீழை உண்டாக்கும் சூடோமோனாஸ் போன்ற கிருமிகளுக்கு வெளியே இன்னுமொரு மேலுறை உண்டு. சில சாயங்கள் அதைத் தாண்டிச் செல்வது கடினம்.

மூன்றாவது, ஆறாத புண் எல்லாம் ஒரே புண் அல்ல. இதனை வயலில் வேலை செய்வோர் கவனமாகக் கேட்க வேண்டும். எமது சேற்றிலும் மண்ணிலும் மெலியோய்டோசிஸ் என்ற நோயை உண்டாக்கும் கிருமி வாழ்கிறது. இலங்கையில் இந்த நோய் 1927 இலேயே அறியப்பட்டது. நெல்வயலில் வேலை செய்யும் நீரிழிவு நோயாளருக்கு இது கூடுதலாக வருகிறது. வெளியே சிறு புண்ணாகத் தோன்றினாலும் உள்ளே நுரையீரலிலும் ஈரலிலும் சீழ்க்கட்டிகளை உண்டாக்கி உயிரைப் பறிக்கக் கூடியது. பெனிசிலினுக்கு அடங்காது. ஊசி மருந்தும் அதன்பின் மாதக்கணக்கில் குளிசையும் வேண்டும். எலிக்காய்ச்சலும் காயத்தின் வழியாக உடலுக்குள் புகக் கூடும். மணல் ஈ கடிப்பதால் வரும் லீஷ்மானியா நோயும் தோலில் வலியில்லாத ஆறாத புண்ணாகத் தோன்றும். அது பற்றீரியாவே அல்ல. இவற்றையெல்லாம் பரிசோதித்துப் பிரித்தறியாமல் மேலே ஒளி பாய்ச்சிக்கொண்டிருந்தால் காலம்தான் வீணாகும்.

ஆகவே எவராவது ஒருவர் ஒரு நீல விளக்கையும் ஒரு குப்பி ஜெல்லையும் தூக்கிக்கொண்டு கிராமத்துக்கு வந்து, "சீனிப் புண்ணை ஒரு கிழமையில் ஆற்றித் தருகிறேன்" என்று காசு கேட்டால், அவரைத் திருப்பி அனுப்புங்கள்.

முதல் நாளின் வேலை

புதிய மருந்து வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத சில காரியங்கள் எமது கையிலேயே இருக்கின்றன. காயம் பட்டால் சுத்தமான துணியை அழுத்தி இரத்தத்தை நிறுத்த வேண்டும். பின்னர் குடிக்கத் தகுந்த தண்ணீரை நன்றாக ஊற்றிக் கழுவ வேண்டும். வாய்க்கால் தண்ணீர் வேண்டாம். சாம்பல், சாணி, தேயிலைத் தூள், பற்பசை எதையும் வைக்கக் கூடாது. சுத்தமான துணியால் மூடிக் கட்டி, அந்தக் கால் மீண்டும் சேற்றில் இறங்காமல் பார்க்க வேண்டும். ஆழமான காயம், ஆணி அல்லது முள் ஏறிய காயம், மண் புகுந்த காயம் என்றால் அன்றே வைத்தியசாலைக்குப் போய் ஏற்பு ஊசி தேவையா என்று கேட்க வேண்டும். சிவப்புப் பரவுதல், காய்ச்சல், கெட்ட மணம், விறைப்பு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் தாமதிக்கக் கூடாது.

வைத்தியர் எழுதித் தராத நுண்ணுயிர்கொல்லியைக் கடையில் வாங்க வேண்டாம். எழுதித் தந்ததைச் சொன்ன நாள்வரை முடிக்காமல் விடவும் வேண்டாம். எலிக்காய்ச்சல் காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தரும் தடுப்புக் குளிசையை மட்டும் அவர் சொன்னபடி எடுத்துக்கொள்ளுங்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் இரவில் படுக்குமுன் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பார்க்க வேண்டும். குனிந்து பார்க்க முடியாத பெரியவருக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லட்டும். இதற்குப் பணம் எதுவும் தேவையில்லை.

நாம் கேட்க வேண்டியவை

ஆனால் எல்லாப் பொறுப்பையும் நோயாளியின் தலையில் போட்டுவிட்டு இருப்பதும் நீதியல்ல. ஒருவர் முதல் நாளில் வைத்தியசாலைக்குப் போகவில்லை என்றால், அவர் ஏன் போகவில்லை என்றும் கேட்க வேண்டும். கூலி இழப்பு, பஸ் நேரம், நீண்ட வரிசை ஆகியவையும் நோய்க் காரணிகள்தான். 2022 நெருக்கடியின்போது வைத்தியசாலைகளிலேயே மருந்துக்குத் தட்டுப்பாடு வந்ததை நாம் மறக்கவில்லை. இறக்குமதி மருந்தை நம்பியிருக்கும் நாட்டில், அளவான ஒரு சாயமும் சிறிய எல்.ஈ.டி. விளக்கும் கொண்டு செய்யக் கூடிய ஒரு சிகிச்சையை எமது வைத்தியர்கள் ஆராய்வது வீண் ஆசையல்ல.

ஆகவே எமது கிராம அபிவிருத்திச் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் சில விடயங்களைக் கேட்க வேண்டும் என்பது எனது கருத்து. முதலாவது, கிராமத்துக்குக் கிட்டிய வைத்தியசாலையில் ஒழுங்கான புண்கட்டும் கிளினிக் ஒன்று, கமக்காரர் வரக் கூடிய நேரத்தில். இது இல்லாமல் ஜெல் வந்தும் பயனில்லை. இரண்டாவது, ஆறாத புண்ணுக்கு மருந்து எழுதுமுன் சீழைப் பரிசோதித்துக் கிருமியை அறியும் வசதி, மூதூரிலோ திருகோணமலையிலோ எடுத்துக் கொடுத்தால் முடிவு காலம் தாழ்த்தாமல் வரும்படி. மூன்றாவது, ஒளி மருந்து பற்றிய ஆய்வு இந்நாட்டில் நடக்குமாயின் அது கொழும்போடு நின்றுவிடக் கூடாது. கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பில் மருத்துவக் கல்வியும், திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவக் கல்வியும் உண்டு. மஞ்சளை அறிந்தவர்களும் கிருமியை அறிந்தவர்களும் ஒரே மாகாணத்தில் இருக்கிறார்கள். அவர்கள் சேர்ந்து இருந்து பேசுவதற்கு எமது கால்புண்கள் போதிய காரணமல்லவா?

அப்படி ஓர் ஆய்வு வந்தால் நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் இப்போதே யோசிக்க வேண்டும். முகாம் காலத்தில் எத்தனையோ படிவங்களில் பெயர் எழுதிக் கொடுத்தோம். எத்தனையோ பேர் கேள்வி கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்கள். அதனால் என்ன நடந்தது என்று திரும்பி வந்து சொன்னவர்கள் மிகச் சிலரே. மருந்து ஆய்வு அவ்வாறு நடக்கக் கூடாது. என்ன பூசுகிறீர்கள், என்ன கெடுதி வரலாம், வேண்டாம் என்றால் வழமையான சிகிச்சை தொடருமா, முடிவை எமக்கு யார் வந்து சொல்வார்கள், பலன் கண்டால் அந்த மருந்து எமது வைத்தியசாலைக்கு வருமா ஆகிய கேள்விகளை எமது மொழியில் கேட்டு, எமது மொழியில் விடை பெற்ற பின்பே கையொப்பம் இட வேண்டும். இது நன்றி கெட்ட செயல் அல்ல. நல்ல ஆய்வாளர் எவரும் இந்தக் கேள்விகளை வரவேற்பார்.

2025 ஏப்ரல் 5 ஆம் திகதி சம்பூர் 120 மெகாவாற் சூரிய மின் திட்டத்தின் தொடக்கம் நடைபெற்றது. ஒரு காலத்தில் நிலக்கரி எரிப்பதற்கென்று பேசப்பட்ட ஊரில் இனி வெயிலில் இருந்து மின்சாரம் எடுப்பார்கள். எமது வளவுக்கு மேலே விழும் வெளிச்சத்துக்கு ஒரு பெறுமதி உண்டு என்பதை நாடு ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்த மின்சாரத்தில் ஒரு சிறு துளி, எமது வைத்தியசாலையின் புண்கட்டும் அறையில் எரியும் ஒரு விளக்குக்கும் வந்து சேர வேண்டும் என்று கேட்பது பேராசையாகாது.

அந்த விளக்கு வரும்வரை, அலமாரியில் இருக்கும் மிச்சக் குளிசைகளை இன்றைக்கே எடுத்து அடுத்த கிளினிக் நாளில் வைத்தியரிடம் காட்டுங்கள். இன்றிரவு உங்கள் வீட்டுப் பெரியவரின் காலை ஒருமுறை பாருங்கள். சின்னக் காயம் என்று ஒன்று இல்லை. நேரத்தோடு பார்த்த காயமும், நேரம் தவறிப் பார்த்த காயமுமே உண்டு.